பகல் தூக்கம்

ஊர் எழுந்து முகம் கழுவுகிற நேரத்தில்தான் பாய்லர்க்காரருக்கு இராத்திரி வரும். பால் ஆலையில் விடிய விடிய பாய்லருக்கு முன்னால் நின்றுவிட்டு, காலைச் சங்கு ஊதியதும் பகல் ஷிஃப்ட்டுக்கு வருகிற பகல்காரனிடம் பொறுப்பை விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எதிரே ஊரே வந்துகொண்டிருக்கும். ஈரத் தலைகள், சாப்பாட்டுப் பைகள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கால்கள். அவர் மட்டும் எதிர்த்திசையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ப் படுத்துவிட வேண்டுமே என்று மிதிப்பார்.

வீடு தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, நடுவே ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் அவர் கட்டில். அந்தப் பக்கம் ஆறு பிள்ளைகள்.

ஒன்றுகூட அவர் பெற்றதில்லை. பெற்ற ஒரே மகள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு அவர் மனைவிக்குப் பகல் மிகவும் நீண்டுவிட்டது. தூங்குகிற மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியோ போட முடியாது, பாத்திரம் உருட்ட முடியாது, வாய்விட்டு இருமக்கூட முடியாது. அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் மாடி நர்ஸ், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். நர்ஸ் வேறு யாருமில்லை, பகல்காரனின் மனைவிதான். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. நர்ஸின் மகள் எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பாள். கேள்வி என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வைத்த பெயர் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. அவளுக்குப் பின்னால் ஆலைக் கேன்டீனில் டீ போடுகிறவளின் மகன் மொட்டை வந்தான். பஸ் கண்டக்டரம்மாவின் இரட்டைப் பெண்கள் வந்தார்கள். துணிக்கடையில் நிற்கிறவளின் தவழும் குழந்தை வந்தது. கடைசியாக நாலாம் மாடித் தையல்காரியின் மகன் சாது. பெயருக்கேற்றபடி வாயைத் திறக்காத பிள்ளை. இத்தனை பேரும் பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிட, கட்டடம் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

பாய்லர்க்காரரும் முதலில் சமாளித்துத்தான் பார்த்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். கண்ணுக்கு மேல் ஈரத்துண்டு போட்டுக்கொண்டார். பிள்ளைகள் போடுகிற சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; பெரியம்மா இடையிடையே, "உஷ், பெரியப்பா தூங்கறாரு" என்பாளே, அந்த உஷ்தான் அவரைத் தூக்கிவாரிப் போடும். வயது ஏற ஏறத் தூக்கம் வேறு மெலிந்துகொண்டே வந்தது. கண்ணை மூடினால் ஏதோ ஒன்று உருளும், ஏதோ ஒன்று அழும். புரண்டு படுப்பார். கட்டில் கிறீச்சிடும். அந்தப் பக்கம் உஷ் கேட்கும்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது அவர் முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்ததைப் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"இது என்ன?"

"ஆவிக் குழாய் பட்டுருச்சு."

"எப்படிப் படும்? இத்தன வருஷத்துல ஒரு தடவகூடப் பட்டதில்லையே."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். சொல்ல வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக முழுக்கைச் சட்டையோடு திரிந்தார். இப்போது சொல்லிவிட்டார். "நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். சாஞ்ச எடத்துல குழாய் இருந்துச்சு, சுட்டுது, முழிச்சுக்கிட்டேன். அங்க வெறும் சுவரு இருந்திருந்தா விடியற வரைக்கும் தூங்கியிருப்பேன், பாய்லர யாரு பாக்கறது? ஒண்ணு நான் தூங்கணும். இல்ல, இந்த வேலைய விடணும்."

பெரியம்மா முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள். அன்று பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒவ்வொருத்தியிடமும், நாளையிலிருந்து என்னால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினாள். பாய்லர்க்காரர் திரைக்குப் பின்னால் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கெஞ்சுவார்கள், சண்டைக்கு வருவார்கள், வந்தால் இன்னது சொல்ல வேண்டும் என்று பதில்கூட வைத்திருந்தார். அதற்கு வேலையே வரவில்லை. நர்ஸ் மட்டும், "சரிக்கா, அண்ணாவும் பாவம்தானே" என்று சொல்லி மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். அந்தச் சரி அவருக்கு என்னவோ செய்தது.

மறுநாள் காலையில் வீடு வெறிச்சென்று இருந்தது. பாய்லர்க்காரர் குளித்துவிட்டு, பஞ்சில்லாமல், துண்டில்லாமல், ராஜா மாதிரி படுத்தார். தூக்கம் வரவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. மின்விசிறி எங்கேயோ உராய்கிற சத்தம் கேட்டது. அதெல்லாம் அடங்கினால் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது தலையணையில் கேட்டது. வலப்புறம் திரும்பினார், இடப்புறம் திரும்பினார், குப்புறப் படுத்தார். திரைக்கு அந்தப் பக்கம் உஷ் என்று சொல்லக்கூட ஆளில்லை. எழுந்து பார்த்தால் பெரியம்மா வீட்டிலேயே இல்லை.

மேலே எங்கிருந்தோ அவள் குரல் மட்டும் முணுமுணுப்பாகக் கேட்டது. ஏறிப் போனார். நாலாம் மாடியில் தையல்காரியின் வீடு பூட்டியிருந்தது. பெரியம்மா தரையில் ஒருக்களித்துப் படுத்து, கதவுக்கு அடியிலிருந்த சந்தில் வாயை வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். காட்டில் ஒரு யானைக்குச் சளி பிடித்த கதை. உள்ளேயிருந்து பேச்சே இல்லை. ஆனால் அவள் மூச்சுவிட நிறுத்தியபோதெல்லாம் ஒரு சின்னக் கை உள்ளேயிருந்து கதவைத் தட்டியது.

தையல்காரிக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. சாதுவுக்குச் சோறும் தண்ணீரும் எடுத்துவைத்து, கேஸை அடைத்து, ஜன்னலைச் சாத்தி, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றார் பாய்லர்க்காரர்.

"சாவி அவகிட்ட இருக்கு. அவ வேலை முடிஞ்சு வரணும்."

"அதுவரைக்கும் இங்கயேவா கெடப்ப?"

"நீங்க போய்த் தூங்குங்க. வீடு இப்ப அமைதியாத்தானே இருக்கு."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். இறங்கி வந்து படுத்தார். கூரைக்கு மேலே யானைக்குச் சளி பிடித்துக்கொண்டே இருந்தது.

மாலைக்குள் கட்டடத்தில் மற்ற செய்திகளும் வந்து சேர்ந்தன. கண்டக்டரம்மா இரட்டையரைத் தன்னோடு பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஒருத்தி வாந்தியெடுத்தாள், இன்னொருத்தி விசிலைப் பிடுங்கி ஊதி நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள். பரிசோதகர் ஏறி, இது பஸ்ஸா பள்ளிக்கூடமா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். துணிக்கடைக்காரி குழந்தையைத் தங்கை வீட்டில் விடப் போய், அங்கே தங்கை முகம் சுளித்து, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். நர்ஸ் அன்றைக்கு லீவு சொல்லி ஒப்பேற்றிவிட்டாள். யாரும் பாய்லர்க்காரரிடம் இதையெல்லாம் வந்து சொல்லவில்லை. படியில் பார்த்தவர்கள் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றிரவு கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோடுதான் வேலைக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் சங்கு ஊதியது. பகல்காரன் வரவில்லை.

கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போன் அடித்தது. "அண்ணே, நான் இன்னைக்கு வர முடியாது" என்றான் பகல்காரன். "வார்டுல ஆளே இல்லன்னு அவளக் கட்டாயம் வரச் சொல்லிட்டாங்க. பாப்பாவப் பாத்துக்க யாரும் இல்ல." இவர் போனை வைத்தார். இருவருக்கும் விஷயம் தெரியும்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. மாலை ஷிஃப்ட்காரர் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார், மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்கிறார், அதுவரைக்கும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். தொட்டியில் பால் ஏறிவிட்டது, வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, இப்போது பாலைக் காய்ச்சுகிற ஆவியை நிறுத்த முடியாது. பாய்லர்க்காரர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வது, பாய்லரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு டீ குடித்தால் தேவலை என்று கேன்டீனுக்கு ஆளனுப்பினார். போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்து, டீ போடுகிற அம்மா வரவில்லை என்றான். மொட்டையின் அம்மா. பாய்லர்க்காரருக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று சிரித்தார்.

பாய்லரில் அவர் வேலை பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பெரிய இரும்பு வயிறு, உள்ளே தண்ணீர், அடியில் தீ. பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். குறைந்தால் பம்பு தானே விடும். பம்பு விடாமல் போனால் நாம் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் வற்றி, வெறும் இரும்பைத் தீ தொட்டுவிட்டால், அப்புறம் பாய்லரும் இல்லை, அதற்கு முன்னால் நிற்பவனும் இல்லை. ஆக, வேலை என்பது அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். மகளின் பள்ளிக்கூடத்துப் பாட்டைச் சத்தமாகப் பாடினார். வெயில் ஏறித் தகரக் கூரை நெருப்பாகக் காய்ந்தது.

குழாயில் தண்ணீர் பாதிக்கு நின்றது. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். குழாயில் தண்ணீர் இல்லை.

அந்த ஒரு முறைக்கு நடுவே எவ்வளவு நேரம் போயிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கை தானாகப் பம்பு சுவிட்சுக்குப் போனது. பாதி வழியில் இழுத்துக்கொண்டார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் விட்டால் பாய்லர் வெடித்து அதோடு கதை முடிந்தது. திரும்பிப் பாய்ந்து தீயை அணைத்தார். எரிகிற சத்தம் நின்றது. சற்று நேரத்தில் ஆலைக்குள் ஒவ்வொரு இயந்திரமாக ஓய்ந்துகொண்டே வந்து, கடைசியில் ஈக்கள் பறப்பது கேட்டது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னண்ணே ஆச்சு?"

"தூங்கிட்டேன் சார். நின்னுக்கிட்டே. தீய அணைச்சுட்டேன். ஆறட்டும், அதுவரைக்கும் யாரையும் தண்ணி விட விடாதீங்க."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். பால் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வீட்டுக்குப் போங்கண்ணே என்று மட்டும் சொன்னார். பாதி சூடேறி நின்றுபோன பாலைச் சாக்கடையில் திறந்துவிட்டிருந்தார்கள். ஆலைச் சுவரோரமாக வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர்க்காரர் அதன் கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறி மிதிக்கத் தைரியமில்லை.

இரண்டாம் மாடியில் பகல்காரன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். செய்தி அவனுக்குப் போனில் வந்துவிட்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் பாய்லர்க்காரருக்கு அத்தனை களைப்பும் கோபமாகத் திரண்டு வந்தது.

"உன்னால இன்னைக்கு ஆலையே போயிருக்கும்."

"என்னாலயா? அண்ணே, நீங்க தூங்கணும்னு அண்ணி புள்ளைங்கள வேணாம்னாங்க. அவங்க வேணாம்னதால நான் வீட்ல உக்காந்தேன். நான் உக்காந்ததால நீங்க தூங்கல. இதுல நான் யாரச் சொல்றது?"

பாய்லர்க்காரர் சத்தம் போட்டார். நான் என்ன இரும்பா, எனக்கு உடம்பில்லையா என்று கேட்டார். பகல்காரனும் விடவில்லை, என் பெண்டாட்டி வார்டில் கிடப்பவர்களுக்கு உடம்பில்லையா என்றான். கதவுகள் திறந்தன. மொட்டையின் அம்மா வந்தாள், துணிக்கடைக்காரி வந்தாள். ஆளுக்கொரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சரியாகவே இருந்தது. அதனால் சண்டை முடிகிற வழியாகவும் இல்லை.

மேல்படியில் பெரியம்மா வந்து நின்றாள். கையில் ஈரத் துணி.

"நிறுத்தினது நான். அதுக்கு எதுக்கு நீங்க ரெண்டு பேரும் கத்திக்கறீங்க?" என்றாள். "இவரு தூங்கணும்னாரு, நிறுத்துன்னு சொல்லல. நானா நிறுத்தினேன். நிறுத்தறேன்னு சொன்னப்ப நீங்க எல்லாரும் சரின்னு சொல்லிட்டுப் புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. உனக்கு அதுங்க வேணுமா வேணாமான்னு ஒருத்தரும் கேக்கல. இவரும் கேக்கல. ரெண்டு நாளா என்ன பண்றதுன்னு தெரியாம தொடச்ச தரையவே தொடச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு அது வேலைங்க. உங்களுக்குப் பாய்லர் எப்படியோ அப்படி."

பாய்லர்க்காரர் அவளைப் பார்த்தார். ஆறு பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதை அவள் ஏதோ பொழுதுபோக்காகச் செய்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"பெரியம்மா, ஏன் அழற?" என்று கேட்டாள் கேள்வி.

"அழல. வேர்க்குது."

கீழேயிருந்து நர்ஸ் ஏறி வந்தாள். வெள்ளை உடுப்பு கசங்கி, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேர் சேர்ந்து விவரம் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு, சண்டையே காதில் விழாதவள் போலச் சொன்னாள்:

"எங்க வீடு மத்தியானம் வரைக்கும் பூட்டித்தானே கெடக்கு? அண்ணா அங்க வந்து படுக்கட்டும். பாப்பா மேல இருக்கட்டும்."

பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினாள். பகல்காரன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கழுவாத தட்டு, மடிக்காத போர்வை, கொடியில் தொங்குகிற உள்பாவாடை எல்லாம் அவன் கண்முன் வந்துபோனது வெளியே நின்றவர்களுக்கே தெரிந்தது. பாய்லர்க்காரருக்கும் கூசியது. இன்னொருத்தர் கட்டிலில் நான் எப்படி, அதெல்லாம் சரிப்படாது என்று இழுத்தார். நர்ஸின் கை நீட்டியபடியே இருந்தது. பெரியம்மா இறங்கி வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

பாய்லரைத் திறந்து பார்த்ததில் பெரிய சேதமில்லை. ஆனாலும் சரிபார்த்து மறுபடி ஏற்ற இரண்டு நாளாயிற்று. ஊரில் கடைக்குக் கடை பால் இல்லை என்று பலகை தொங்கியது. பாய்லர்க்காரருக்கும் பகல்காரனுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை வந்தது. தீயை அணைத்தது சரிதான் என்று சூப்பர்வைசர் தன் பங்குக்கு மேலிடத்தில் சொல்லி வைத்தார்.

ஆலை ஓடத் தொடங்கிய முதல் காலையில் பாய்லர்க்காரர் தன் தலையணையையும் போர்வையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருடன் மாதிரி இரண்டாம் மாடிக்கு இறங்கினார். அதே அளவு முன்னறை, அதே அளவு உள்ளறை. ஆனால் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. விளக்கை அணைக்கக் கை நீட்டினால் வெறும் சுவர். கட்டில் வேறு பக்கமாகக் குழிந்திருந்தது. பகல்காரன் அவசர அவசரமாகக் கூட்டியிருக்கிறான், குப்பை கதவுக்குப் பின்னால் குவிந்திருந்தது. எதையும் பார்க்கக் கூடாது என்று மேலே பார்த்தபடி படுத்தார்.

மேலே அவர் வீடு. தடதடவென்று ஓட்டம். குதிகாலை ஊன்றி ஓடுவது மொட்டை. சேர்ந்து ஓடிச் சேர்ந்து விழுவது இரட்டையர். இழுத்து இழுத்துப் போவது தவழும் குழந்தை. ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரிந்தது. அந்தச் சத்தம் தூரத்திலிருந்து வந்ததால் உறுத்தவில்லை. கூச்சம்தான் தூங்க விடவில்லை. முற்பகலில் அடுக்களைக் குழாய் உறுமியது. வீட்டில் ஆளில்லாத நேரத்தில்தான் இவர்களுக்குத் தண்ணீர் வருகிறது போலிருக்கிறது. எழுந்து போய் வாளி, குடம், அண்டா எல்லாம் நிரப்பினார். கேஸ் சிலிண்டர்காரன் வந்து, வீட்டுக்காரரா என்று கேட்டான். ஒரு கணம் யோசித்து, ஆமாம் என்றார். மத்தியானம் வந்த நர்ஸ் நிரம்பிய அண்டாவைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதை நிரம்பி நான் பார்த்ததில்லை அக்கா என்று பெரியம்மாவிடம் சொன்னாளாம். அதுவரைக்கும் சரி. ஆனால் அவர் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் கதவைத் தட்டும் சத்தம். கதவின் கீழ்ப்பக்கத்தில் கேட்டது. திறந்தார். கேள்வி நின்றிருந்தாள். அவரைத் தாண்டி உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை இல்லாத பொம்மையை இழுத்தெடுத்தாள்.

"பெரியப்பா, நீ ஏன் எங்க வீட்ல இருக்க?"

"தூங்கறதுக்கு."

"உங்க வீட்ல ஏன் தூங்கல?"

"அங்க நீ இருக்கியே."

அவள் யோசித்தாள். அடுத்த ஏனுக்கு அவர் தயாராக நின்றார்.

"சரி" என்றாள் கேள்வி. "தூங்கு. இங்க பேயெல்லாம் இல்ல."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். மேலே பெரியம்மாவின் குரலும், கதவு சாத்தும் சத்தமும் கேட்கிறவரை அவர் வாசலிலேயே நின்றார். அப்புறம் கூரைக்கு மேல் புதிதாக ஒரு ஜோடிக் கால் ஓடத் தொடங்கியது. வந்து படுத்தார். போர்வையை இழுத்துக்கொண்டது வரைக்கும்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

விழித்தபோது அறை இருட்டிக்கொண்டு வந்தது. எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு கணம் பிடிபடவில்லை. மேலே ஓட்டமெல்லாம் அடங்கியிருந்தது. வாய் ஓரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. பகல்காரனும் நர்ஸும் மத்தியானமே வந்துவிடுவார்களே என்று சுரீரென்று உறைத்தது. போர்வையைச் சுருட்டி, தலையணையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

பகல்காரன் படியில் உட்கார்ந்திருந்தான். காலில் பூட்ஸ் கழற்றவில்லை, சாப்பாட்டுப் பாத்திரம் மடியில் இருந்தது. அவனுக்குக் கீழ்ப்படியில் நர்ஸ் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியம்மா வீட்டு டம்ளர்கள் இரண்டு, டீ குடித்துக் காய்ந்துபோய்க் கிடந்தன.

"எப்ப வந்த?" என்றார் பாய்லர்க்காரர்.

"இப்பத்தாண்ணே" என்றான் அவன், மிக மெதுவாக.

"தட்டியிருக்கலாமே."

"தட்டலாம்னுதான் இருந்தோம்."

அவன் மனைவியை எழுப்பக் குனிந்தான். பாய்லர்க்காரர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். பிறகு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.